அரசு உதவித்தொகை: வீட்டில் யாருக்கு எது, எந்த வரிசையில் கேட்பது

தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன். தகுதி இருந்தும் உதவி கிடைக்காதவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்ப்பேன். கேட்டுப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருப்பார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டுப் பெயர் திருத்தப் போவார்கள், மனு தள்ளுபடியான பிறகு வங்கிக்கு ஓடுவார்கள்.

தமிழ்நாட்டில் இப்போதுள்ள முக்கியமான உதவிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தொகைகள் அவ்வப்போது உயரும் என்பதால், தெரிந்தவரை ஆண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. வீட்டு ஆட்களை ஒரு தாளில் எழுதுங்கள்

திட்டத்தின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். முழுத்தாள் ஒன்றில் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் எழுதுங்கள். பெயர், ஆதாரில் உள்ள வயது, எந்த ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, என்ன வேலை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி, ஊனம் உண்டா, கணவர் இருக்கிறாரா, ஏற்கெனவே மாதப் பணம் ஏதாவது வருகிறதா.

ஒருமுறை ஒரு அம்மா மாமியாருக்கு முதியோர் பணம் கேட்டு வந்தார். தாளை எழுதி முடித்ததும் பார்த்தால், அரசுப் பள்ளியில் படித்த மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அவளுக்கு வர வேண்டிய மாதம் ஆயிரம் வரவே இல்லை. வீட்டுக்காரர் கொத்தனார், நலவாரிய அட்டை இல்லை. ஒரு மனுவுக்கு வந்தவர் மூன்று வேலையோடு போனார்.

தாள் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில உதவிகள் ஆளுக்கு, சில ரேஷன் கார்டுக்கு ஒன்று. ஒன்றை வாங்கினால் இன்னொன்று கிடைக்காது என்ற இடங்களும் இருக்கின்றன. தாள் கையில் இல்லாமல் அது கண்ணில் படாது.

2. எது எந்த வாசலில் கிடைக்கும் என்று பிரியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லா உதவியும் கலெக்டர் ஆபீஸில்தான் என்று நினைக்கிறார்கள். கல்லூரியில் கொடுக்க வேண்டிய மனுவோடு தாலுகாவில் நாள் முழுக்க நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ரேஷன். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் கார்டு உண்டு. ஆனால் ஸ்மார்ட் கார்டில் அச்சாகியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். பி.எச்.எச் என்பது முன்னுரிமைக் குடும்பம், ஏ.ஏ.ஒய் என்பது அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழைக் குடும்பம். அந்தியோதயாவுக்கு மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச் முன்னுரிமை இல்லாதது என்றாலும் அதற்கும் அரிசி உண்டு. 'எஸ்' என்று முடிந்தால் சர்க்கரைக் கார்டு, 'என்.சி' என்றால் எந்தப் பொருளும் இல்லை. அவசரத்தில் பொருளில்லாக் கார்டு வாங்கியவர்கள் பிறகு அதை மாற்றத்தான் அலைகிறார்கள்.

மாத ஓய்வூதியம். இது வருவாய்த் துறை, அதாவது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஊரில் ஓ.ஏ.பி என்றால் முதியோர் பணம் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். 60 வயது கடந்த ஆதரவற்றவர்கள், மறுமணம் செய்யாத ஆதரவற்ற விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், 50 வயது கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் இதே வாசல்தான். 2023 ஆகஸ்டில் முதியோருக்கும் விதவைகளுக்கும் இது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே 1,500 ஆகிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது அக்கா ஒருவர் அண்ணன் வீட்டில் ஒதுங்கி இருப்பார், 'எனக்கெல்லாம் என்ன இருக்கு' என்பார். அவருக்கும் ஒரு திட்டம் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பது தொடக்கத்தில் வைத்த அளவுகோல். கார் இருந்தாலும் வருமான வரி கட்டினாலும் கிடையாது என்றார்கள். பிறகு சில விலக்குகள் வந்தன. அதனால் முதல் சுற்றில் தள்ளுபடியானவர்கள் இப்போதைய விதியை ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

படிப்பு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ-க்கோ போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது வரும். இந்த மனு இ-சேவையில் ஏறாது. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார், அவர்தான் ஏற்ற வேண்டும். நடுவில் ஓராண்டு மட்டும் தனியார் பள்ளியில் படித்த பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நலவாரியம். கட்டுமானம், தையல், ஆட்டோ, வீட்டு வேலை என்று அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் தொழிலாளர் துறையில் பல வாரியங்கள் உண்டு. வயது 18 முதல் 60 வரை. பி.எஃப், இ.எஸ்.ஐ பிடிக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இது இல்லை. பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் என்று ஒரே அட்டையில் பலதும் அடங்கும். ஆனால் பெரும்பாலானவற்றுக்குச் சம்பவம் நடப்பதற்கு முன் பதிவு இருக்க வேண்டும். சாரத்திலிருந்து விழுந்த மறுநாள் அட்டை எடுக்க வருவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்வதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு வாய்த்ததில்லை.

மருத்துவமும் மகப்பேறும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். நோய் வந்த பிறகு ஓடாமல் சும்மா இருக்கும் நாளில் போங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு வாசலே வேறு. கர்ப்பம் தெரிந்த உடனே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண் வாங்க வேண்டும். அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் ஒரே எண்ணைத்தான் இரண்டு இடத்திலும் காட்ட வேண்டும்.

மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவி. இது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2022 முதல் மாதம் 2,000. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் இதைக் கேளுங்கள்.

3. மூன்று அட்டையிலும் ஒரே பெயர் இருக்கிறதா பாருங்கள்

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆதாரில் 'முனியம்மாள்', ரேஷனில் 'முனியம்மா', வங்கியில் 'மு. முனியம்மாள்' என்றால் மனிதருக்கு மூன்றும் ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருப்பதும் இதே வம்புதான்.

எதைத் திருத்துவது? ஆதார் சரியாக இருந்தால் மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அதில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தேதியைப் போட்டுவிட்டு, பிறகு பள்ளிச் சான்றிதழ் கிடைத்ததும் திரும்பி வருபவர்களுக்கு வழி ரொம்பக் குறுகிவிடுகிறது.

வயதானவர்களுக்கு இது பெரிய சிக்கல். எழுபது வயது தோற்றம், ஆதாரில் 57. பதிவு எடுத்த அன்று கேட்டவர் கேட்டதும் இவர் ஏதோ சொன்னதும் அப்படியே ஏறிவிட்டது. அலுவலகம் ஆளைப் பார்க்காது, அட்டையைத்தான் பார்க்கும். இவர்கள் முதலில் வயதுக்கு ஆதாரம் தேடித் திருத்திவிட்டுத்தான் முதியோர் மனு போட வேண்டும்.

திருமணமான பெண்களுக்கு ஒரு வேலை கூடுதல். அம்மா வீட்டுக் கார்டில் பெயரை நீக்கினால்தான் கணவர் வீட்டுக் கார்டில் சேரும். உரிமைத் தொகை கார்டை வைத்து வருவதால் இதை முன்கூட்டியே முடியுங்கள். மனு நிலுவையில் இருக்கும்போது கார்டைப் பிரிக்காதீர்கள். விசாரணைக்கு வருபவர் பழைய கார்டு எண்ணைத் தேடுவார், அது அங்கே இருக்காது.

4. வங்கிக் கணக்கைத் தயார் செய்யுங்கள்

'புக்கு கொடுத்தேன் சார், பணம் ஏறலை' என்பது நான் அதிகம் கேட்ட வாக்கியம்.

ஆதார் வழியாக அனுப்பும் பணம் நீங்கள் ஜெராக்ஸ் கொடுத்த கணக்குக்குத்தான் போகும் என்று சொல்ல முடியாது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போகும். நூறு நாள் வேலைக்கு ஒரு கணக்கு, சுய உதவிக் குழுவுக்கு ஒன்று, கேஸ் மானியத்துக்கு இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள் எல்லாப் புத்தகத்திலும் வரவு போட்டுப் பாருங்கள். வராத பணம் என்று அழுத ஒரு பாட்டிக்கு, மறந்துபோன கணக்கு ஒன்றில் ஏழு மாதப் பணம் கிடந்தது. எந்த வங்கி இணைப்பில் இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், கைபேசி எண் ஆதாரில் இருந்தால் போதும்.

கணவரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம், தனிக் கணக்கு வையுங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்காக இருக்கட்டும். இல்லையென்றால் வரும் ஆயிரத்தில் வங்கி அபராதம் பிடித்துக்கொள்ளும்.

5. ஒன்றை ஒன்று தடுப்பதைக் கவனியுங்கள்

முதல் தாளை இப்போது எடுங்கள். முதியோர் ஓய்வூதியம் வாங்குபவரே உரிமைத் தொகையும் வாங்க முடியாது. ஆனால் அதே வீட்டில் தகுதியுள்ள மருமகள் வாங்கலாம். எனவே மாமியார் 60 கடந்தவராக இருந்தால் அவருக்கு ஓய்வூதியமும் மருமகளுக்கு உரிமைத் தொகையும் கேட்பதுதான் புத்திசாலித்தனம். மாமியார் பெயரில் உரிமைத் தொகையைப் போட்டுவிட்டுப் பிறகு யோசிப்பவர்களே அதிகம்.

நலவாரிய ஓய்வூதியமும் முதியோர் ஓய்வூதியமும் இப்படித்தான், ஏதாவது ஒன்று. மாணவர் உதவி யாரையும் தடுக்காது, அதை எப்போது வேண்டுமானாலும் போடுங்கள்.

6. சான்றிதழ்களை எடுங்கள்

வருமானச் சான்று பெரும்பாலான வாசல்களில் கேட்பார்கள். இ-சேவையில் 60 ரூபாய். கூலிக்காரர்கள் தினக்கூலியை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வேலை இருந்ததா, மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் போனீர்கள் என்று கணக்குப் போட்டு உள்ளதைச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லவும் வேண்டாம், வி.ஏ.ஓ-வுக்கு ஊர் தெரியும்.

விதவை உதவிக்குக் கணவரின் இறப்புச் சான்று அடிப்படை. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஒருவர் இதை முடித்துவிட வேண்டும்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். அரசு வேலை முன்னுரிமைக்கான ஆதரவற்ற விதவைச் சான்றும் விதவை ஓய்வூதியமும் ஒன்றல்ல. முன்னதைக் கோட்டாட்சியர் தருகிறார். சான்று வாங்கிவிட்டுப் பணம் வரும் என்று ஒரு வருடம் காத்திருந்தவர் உண்டு. ஓய்வூதியத்துக்குத் தனி மனு போட வேண்டும்.

7. இ-சேவை மேசையில்

அசல், ஜெராக்ஸ், புகைப்படம், ஆதாரில் பதிந்த கைபேசி எல்லாம் கையில் இருக்கட்டும். ஓடிபி அந்தக் கைபேசிக்குத்தான் வரும். மகன் எடுத்துக்கொண்டு திருப்பூர் போய்விட்டால் அன்றைய வேலை போச்சு. முதல்முறை என்றால் கேன் எண், அதாவது இ-சேவையில் உங்களுக்கான அடையாள எண் ஒன்று உருவாக்குவார்கள். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த சான்றுக்கும் அதே எண்தான். ஒவ்வொரு முறையும் புதிது போட்டால் ஒரே ஆளுக்கு நாலு எண் ஆகிவிடும்.

அனுப்பு பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பெயர், தாலுகா, கிராமம் மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். கிராமம் மாறினால் மனு வேறு வி.ஏ.ஓ-விடம் போய்த் தூங்கும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். 'நான் பார்த்துக்கறேன் அண்ணே, ஐயாயிரம் ஆகும்' என்று வாசலில் நிற்பவரிடம் அசல் அட்டைகளைக் கொடுத்துவிடாதீர்கள்.

8. வி.ஏ.ஓ விசாரணை

மனு வி.ஏ.ஓ, பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு தனி வட்டாட்சியர் என்று மேலே போகும். வி.ஏ.ஓ எழுதும் இரண்டு வரியில்தான் முக்கால்வாசி முடிவாகிறது.

எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. மகன் வெளியூர், மூன்று வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. விசாரணைக்கு வந்தவர் 'பையன் பாக்குறானாம்மா?' என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரிகள் சுற்றி நிற்கிறார்கள். பாட்டிக்குக் கௌரவம். 'எம்மவனுக்கென்ன சாமி, ராசா மாதிரி வச்சிருக்கான்' என்றிருக்கிறார். 'மகன் பராமரிப்பில் உள்ளார்' என்று மனு தள்ளுபடி. என்னிடம் வந்தபோது, 'நாலு பேர் முன்னாடி புள்ளைய விட்டுக்கொடுக்க முடியுமா தம்பி' என்றார்.

மகன் இருப்பதே தடை என்று நினைக்காதீர்கள். அவர் பராமரிக்கிறாரா என்பதுதான் கேள்வி. அதனால் வயதானவர்களிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். பொய் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாடு எங்கே, மருந்துக்கு யார் காசு, மகன் கடைசியாக வந்தது எப்போது என்று மூன்று கேள்விக்கு உள்ளதைச் சொன்னால் போதும். முடிந்தால் விசாரணையை வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்படி கேளுங்கள்.

9. தள்ளுபடி ஆனால்

உடனே புது மனு போடாதீர்கள், அதே காரணத்தால் அதுவும் விழும். ஒப்புகை எண்ணை வைத்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அதை மட்டும் சரிசெய்யுங்கள். உரிமைத் தொகையில் முதல் சுற்றின்போது, தள்ளுபடிக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள். குறுஞ்செய்தியைப் படிக்காமல் விட்டே பலருக்கு நாள் கடந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற மனுக்களுக்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் இருக்கிறது, 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண் இருக்கிறது. திங்கட்கிழமை மனுவில் கதை எழுத வேண்டாம். பழைய மனு எண், தேதி, தள்ளுபடிக் காரணம், அது ஏன் சரியில்லை என்று நாலு வரி, அதற்கான ஜெராக்ஸ். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். இதை எல்லோருக்கும் நான் சொல்வதில்லை, ஆனால் காணாமல் போன கோப்பு இதற்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

10. பணம் வரத் தொடங்கிய பிறகு

மாதம் ஒருமுறை வங்கிப் புத்தகத்தில் வரவு போடுங்கள். வங்கி முகவர் கைரேகை வாங்கிப் பணம் கொடுக்கும் ஊர்களில், நாற்று நட்டுத் தேய்ந்த விரல் மெஷினில் விழாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைக்கச் சொல்லுங்கள், பத்தில் ஒன்றாவது விழும். எத்தனை ரூபாய் எடுத்தது என்று சீட்டு வாங்கிப் பாருங்கள்.

வீடு மாறினால் ஆதார், ரேஷன் இரண்டிலும் முகவரியை மாற்றிவிட்டு வி.ஏ.ஓ-விடமும் சொல்லுங்கள். சரிபார்ப்புக்கு வரும்போது பழைய வீட்டில் ஆள் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஓய்வூதியம் வாங்கியவர் இறந்துவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள், பிறகு ஏறும் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். 18 முதல் 59 வயதுக்குள் வீட்டைத் தாங்கியவர் இறந்திருந்தால், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்குத் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் ஒருமுறை உண்டு. கேட்காமல் விடாதீர்கள்.

நலவாரிய அட்டையை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை நான் ரேஷன் கார்டு உறையின் உள்பக்கம் பேனாவால் எழுதிவைக்கச் சொல்வேன். மாதம் ஒருமுறை கட்டாயம் வெளியே எடுக்கும் பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.